ரூ. 40,000 கையில் இருக்கிறது: கிளை நூலக மாடியில் அறிவியல் மன்றம் தொடங்க எதை முதலில் வாங்குவது?

அடிவாரத்தான் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். திருப்பத்தூர் மாவட்டத்தில், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் உள்ள ஒரு சிற்றூரில் இ-சேவை மையமும் ஜெராக்ஸ் கடையும் நடத்திவருகிறேன். நான் ஆசிரியன் அல்லன், பி.காம். படித்தவன். ஆயினும் தேர்வு முடிவுகள் வெளிவந்த மறுநாளிலிருந்து இந்த வட்டாரத்துப் பிள்ளைகள் சான்றிதழுக்கும் விண்ணப்பத்துக்கும் என் கடைக்குத்தான் வருகிறார்கள் என்பதால், யார் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பது ஓரளவு எனக்குத் தெரியும்.

சென்ற ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பில் 600-க்கு 500-க்கு மேல் எடுத்த ஒரு பெண், தன் தந்தையுடன் பொறியியல் கலந்தாய்வுக்குப் பதிவு செய்ய வந்தாள். மதிப்பெண் பட்டியலைப் பார்த்தேன். இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் இருந்தன, கணிதம் இல்லை. அவள் படித்த பள்ளியில் பதினொன்றாம் வகுப்பில் கணிதப் பிரிவே கிடையாது; கணிதம் எடுக்காவிட்டால் பொறியியலுக்குப் போக முடியாது என்று அவளிடம் எவரும் சொல்லவும் இல்லை. "அண்ணா, வேற எதையாவது அழுத்திப் பாருங்களேன்" என்று அவள் திரையைக் காட்டிக் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. அழுத்துவதற்கு வேறு எதுவும் இருக்கவில்லை.

இதை எங்கள் பள்ளியின் முன்னாள் மாணவர் வாட்ஸ்அப் குழுவில் எழுதியதன் விளைவாக ரூ. 40,000 சேர்ந்திருக்கிறது. கிளை நூலகத்தின் மாடி அறையைச் சனிக்கிழமை பிற்பகலில் பயன்படுத்திக்கொள்ள நூலகர் வாய்மொழியாக இசைந்திருக்கிறார். 6 முதல் 10 வரை படிக்கும் பிள்ளைகளுக்கு அங்கே ஓர் அறிவியல் மன்றம் தொடங்க எண்ணுகிறோம். பணத்தை எதில் செலவிடுவது என்பதில்தான் கருத்து வேறுபாடு. ஒரு விற்பனையாளர் ரோபோ செய்யும் கிட் பத்தினைச் சலுகை விலையில் தருவதாகச் சொல்கிறார். குழுவில் பாதிப் பேர் அதற்கு ஆதரவாக இருக்கிறார்கள். இன்னும் சிலர் புரொஜெக்டர் வாங்கிக் காணொளிகளைக் காட்டினால் போதும் என்கிறார்கள். எனக்கோ ஒரு தொலைநோக்கி வாங்க வேண்டும் என்று ஆசை. எங்களுக்கு வழிகாட்டும்படி கேட்டுக்கொள்கிறேன். பெண் பிள்ளைகளை வரவழைப்பது எப்படி என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும். சென்ற வாரம் வெள்ளோட்டமாக ஒரு கூட்டம் வைத்தபோது வந்த பதினேழு பேரில் இரண்டு பேர்தான் பெண்கள்.

பணிநிறைவு_இயற்பியல் (பதில் 1)

ஐயா, முப்பத்தோராண்டுகள் அரசு மேல்நிலைப் பள்ளிகளில் இயற்பியல் நடத்தியவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: இப்போதைக்கு ஒன்றும் வாங்காதீர்கள். முதலில் உங்கள் பள்ளியின் ஆய்வகப் பீரோவைத் திறந்து பாருங்கள்.

நம் பள்ளிகளில் கருவிகளே இல்லை என்பது பாதி உண்மைதான். வெர்னியர் அளவி, திருகு அளவி, லென்சுகள், சட்ட காந்தங்கள், வோல்ட் மீட்டர் ஆகியவை பல பள்ளிகளில் இருக்கின்றன. அவை பூட்டிய பீரோவுக்குள் இருக்கின்றன. ஏன் பூட்டியிருக்கின்றன என்பதை வெளியில் உள்ளவர்கள் அறியமாட்டார்கள். ஒவ்வொரு பொருளும் இருப்புப் பதிவேட்டில் ஓர் ஆசிரியரின் கையொப்பத்தின் கீழ் இருக்கிறது. ஒரு பீக்கர் உடைந்தால் அதைப் பதிவேட்டிலிருந்து கழிக்க எழுத்து வேலை உண்டு; தணிக்கையின்போது கணக்கு இடித்தால் விளக்கம் எழுத வேண்டும்; அந்தத் தொல்லைக்குப் பயந்து சொந்தக் காசில் வாங்கி வைத்தவர்களுள் நானும் ஒருவன். ஆகையால் உடையாமல் இருக்க வேண்டுமென்றால் எடுக்காமல் இருப்பதே வழி என்று ஆசிரியர்கள் நினைப்பதில் வியப்பில்லை. பத்தாம் வகுப்பு அறிவியலில் 25 மதிப்பெண் செய்முறைத் தேர்வுக்கு உண்டு. அந்தத் தேர்வுக்கு முந்தைய வாரத்தில்தான் முதன்முதலாகச் சோதனைக் குழாயைக் கையில் பிடிக்கும் மாணவர்களை நான் ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன்.

எனவே உங்கள் 40,000-இல் ஐயாயிரத்தை "உடைவுக் கணக்கு" என்று எழுதித் தலைமையாசிரியரிடம் காட்டுங்கள். மன்றத்துக்குக் கொண்டுவரும் பொருள் எது உடைந்தாலும் அதே வாரத்தில் புதிதாக வாங்கி வைப்போம் என்று எழுத்தில் கொடுங்கள். பீரோவின் சாவி தானாக வெளியே வரும்.

ரோபோ கிட் பற்றி ஒரு சொல். மத்திய அரசின் அடல் டிங்கரிங் ஆய்வகத் திட்டம் 2016-இல் தொடங்கியது. தேர்வாகும் பள்ளிக்கு 20 லட்ச ரூபாய் வரை தரும் பெரிய திட்டம் அது. நன்றாக நடக்கும் ஆய்வகங்களையும் பார்த்திருக்கிறேன். முப்பரிமாண அச்சு இயந்திரத்தின் மேலுறையைப் பிரிக்காமலேயே இரண்டாண்டு வைத்திருந்த ஒரு பள்ளியையும் பார்த்திருக்கிறேன், பெயர் வேண்டாம். அங்கே பணத்துக்குக் குறைவில்லை. பயிற்சி பெற்ற ஆசிரியர் மாறுதலில் போய்விட்டார், அவ்வளவுதான். உங்கள் பத்து கிட்டுகளுக்கும் இதுவே நேரும். மோட்டார் ஒன்று எரிந்துபோனால் அதற்குப் பதிலாக ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ கடையில் போய் வாங்க முடியுமா என்று அந்த விற்பனையாளரிடம் கேளுங்கள்.

முதல் சனிக்கிழமைக்கு என்ன செய்வது என்று கேட்டால், நூலும் கல்லும் போதும் என்பேன். ஒரு மீட்டர் நீளத்துக்குத் தனி ஊசல் கட்டுங்கள். சிறிதளவே இழுத்து விடுங்கள். 20 அலைவுகளுக்கு (ஒரு முறை போய்த் திரும்பி வருவது ஓர் அலைவு) ஆகும் நேரத்தைக் கைப்பேசியில் அளந்தால் ஏறத்தாழ 40 விநாடி வரும். கல்லை மாற்றுங்கள், நேரம் மாறாது. நூலின் நீளத்தை நான்கில் ஒரு பங்காகக் குறையுங்கள், நேரம் பாதியாகும். இந்த இரண்டையும் எவரும் முன்கூட்டிச் சொல்லிவிடக் கூடாது. பிள்ளைகள் முதலில் ஊகித்து எழுத வேண்டும்; பிறகு அளக்க வேண்டும். கனமான கல் வேகமாக ஆடும் என்று பத்துக்கு எட்டுப் பேர் எழுதுவார்கள். அவர்கள் எழுதியது தவறு என்று அவர்கள் கையாலேயே தெரியவரும் அந்த ஐந்து நிமிடத்தை எந்தக் காணொளியாலும் கொடுக்க முடியாது.

ஆறாம்வகுப்பு_டீச்சர் (பதில் 2)

ஐயா சொன்ன பீரோ சாவியை நானும் வழிமொழிகிறேன். நான் ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் பணியாற்றுகிறேன். அதற்கு முன் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தில் சில ஆண்டுகள் தன்னார்வலராக இருந்தேன். இயக்கம் வெளியிடும் துளிர் இதழ் 1980-களிலிருந்து சிறுவர்களுக்காக வந்துகொண்டிருப்பதையும், உங்கள் நூலகத்துக்கு அது வருகிறதா என்று பார்க்க வேண்டும் என்பதையும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

பெண் பிள்ளைகள் இருவர்தான் வந்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். கூட்டம் எத்தனை மணிக்கு வைத்தீர்கள்? பிற்பகல் நான்கு மணி என்றால் அங்கேயே விடை இருக்கிறது. சனிக்கிழமை நான்கு மணி என்பது தண்ணீர் பிடிக்கும் நேரம், மாடு ஓட்டிவரும் நேரம், அம்மா நூறு நாள் வேலையிலிருந்தோ பீடி கொடுத்துவிட்டோ திரும்பும்வரை தம்பியைப் பார்த்துக்கொள்ளும் நேரம். காலை பத்து மணிக்கு மாற்றிப் பாருங்கள். தம்பி தங்கைகளையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு வரலாம் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். என் வகுப்பில் அப்படிச் சொன்ன பிறகுதான் எட்டாம் வகுப்பு மாணவிகள் நால்வர் தொடர்ந்து வந்தார்கள். அந்த நான்கு வயதுத் தம்பிகள் ஓர் ஓரத்தில் காந்தத்தை வைத்துக்கொண்டு ஆணி பொறுக்கிக்கொண்டிருப்பார்கள், தொல்லை ஒன்றும் இல்லை. சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்பதால் காசு தடையாக இருக்காது. ஆனால் உங்கள் கூட்டம் முடிந்த கால் மணி நேரத்துக்குள் அந்தப் பேருந்து இருக்கிறதா என்பதைப் பார்த்து முடிக்கும் நேரத்தை வையுங்கள். நூலகக் கழிப்பறை பூட்டியிருந்தால் அதன் சாவியையும் வாங்கி வையுங்கள். இதை யாரும் உங்களிடம் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், வராமல் நின்றுவிடுவார்கள்.

கற்பிக்கும் முறையைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், இந்தியாவில் இதற்கு ஒரு நீண்ட முன்னோடி இருக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் ஹோசங்காபாத் மாவட்டத்தில் 1972-இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் கற்பித்தல் திட்டம் தொடங்கியது. கிஷோர் பாரதி, ரசூலியாவில் இருந்த கிராம மையம் ஆகிய இரண்டு தன்னார்வ அமைப்புகள் அதைத் தொடங்கின. 1978-இல் அது மாவட்டம் முழுவதற்கும் விரிந்தது. பின்னர் 1982-இல் உருவான ஏகலவ்யா அமைப்பு அதை நடத்தியது. விடைகளைத் தரும் பாடநூல் அங்கே இல்லை. குழந்தைகள் நான்கு நான்கு பேராக அமர்ந்து சோதனை செய்து, தாங்கள் கண்டதைத் தாங்களே எழுதினார்கள். தேர்வுக்குப் புத்தகத்தைக் கொண்டுபோகலாம். ஐ.ஐ.டி.யில் படித்த அரவிந்த் குப்தா அங்கே போயிருந்தபோதுதான் சைக்கிள் வால்டியூபையும் (டியூபின் வால்வில் மாட்டும் மெல்லிய ரப்பர் குழாய்) தீக்குச்சியையும் இணைத்து வடிவியல் உருவங்கள் செய்யும் முறையை உருவாக்கினார். வால்டியூபைத் துண்டு துண்டாக வெட்டி, அதன் இரு துளைகளிலும் குச்சியைச் செருகினால் முக்கோணம் கிடைக்கும், சதுரம் கிடைக்கும். முக்கோணத்தை அழுத்தினால் குலையாது, சதுரம் சாய்ந்துவிடும். மின்கோபுரத்தில் ஏன் அத்தனை முக்கோணங்கள் என்று பிறகு நீங்கள் விளக்க வேண்டியதே இல்லை. (இப்போது வால்டியூப் கிடைப்பது அரிதாகிவிட்டது. பழைய சைக்கிள் கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். எங்கள் ஊரில் ஒரே ஒருவரிடம் இருக்கிறது.)

அத்தனை நன்றாக நடந்த அந்தத் திட்டத்தை 2002-இல் மாநில அரசு நிறுத்திவிட்டது. முப்பது ஆண்டுகள் நடந்த ஒன்று ஓர் ஆணையில் முடிந்துபோனதை நினைக்கும்போதெல்லாம், இந்த வேலையை ஊர் தன் கையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது. அதற்காக அரசின் திட்டங்களை ஒதுக்கவும் வேண்டாம். 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம் என்ற மாநில அரசுத் திட்டத்தின் கருத்தாளர் உங்கள் பகுதி அரசுப் பள்ளிகளுக்கு 6 முதல் 8 வகுப்புகளுக்காக வந்துபோவார். அவரைப் பிடித்து, மாதம் ஒரு சனிக்கிழமை நூலகத்துக்கும் வர முடியுமா என்று கேளுங்கள்.

இன்னொன்றும் உண்டு. தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு 1993 முதல் நடந்துவருகிறது. 10 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து தங்கள் ஊர்ச் சிக்கல் ஒன்றை எடுத்து ஆராய்ந்து, மாவட்ட அளவில் படைக்க வேண்டும். உங்கள் மாவட்டத்துக்குத் தோல் தொழிற்சாலைக் கழிவும் நிலத்தடி நீரும் போதுமான பாடம். கிணற்று நீரை மாதந்தோறும் ஒரே நாளில் எடுத்து, உப்பளவைக் காட்டும் சிறு மீட்டரால் அளந்து எழுதிவந்தால் ஆண்டு முடிவில் வரைபடம் ஒன்று கையில் இருக்கும். அந்த மீட்டர் ரோபோ கிட்டைவிட மிகவும் மலிவு.

இரவுவானம் (பதில் 3)

தொலைநோக்கி வாங்க ஆசை என்று ஒருவர் சொன்னால் அவரைத் தடுக்கும் மனம் எனக்கு வராது, ஆனாலும் தடுக்கிறேன். இணையக் கடைகளில் "400 மடங்கு" என்று எழுதி விற்கும் மலிவுத் தொலைநோக்கியை மட்டும் வாங்கிவிடாதீர்கள். அதன் முக்காலி காற்றில் ஆடும். ஆடுகிற முக்காலியில் 400 மடங்கு என்பது 400 மடங்கு ஆட்டம்தான். முதல் இரவு முப்பது பிள்ளைகள் வரிசையில் நின்று ஒன்றும் தெரியாமல் "தெரியுது சார்" என்று மரியாதைக்காகச் சொல்லிவிட்டுப் போவார்கள். நான் இதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். அந்தப் பொய்யைச் சொன்ன பிள்ளைகளுள் ஒருவனாகவும் ஒருகாலத்தில் இருந்திருக்கிறேன்.

அதற்குப் பதிலாக 10×50 அளவுள்ள (பத்து மடங்கு பெரிதாக்கும், 50 மி.மீ. முன்லென்சுள்ள) இருகண்ணோக்கி ஒன்றோ இரண்டோ வாங்குங்கள். அதை ஒரு முக்காலியில் பொருத்தினால் நிலவின் பள்ளங்கள் தெரியும். கார்த்திகை விண்மீன் கூட்டத்தில் வெறுங்கண்ணுக்கு ஆறேழு தெரிகிற இடத்தில் பல மடங்கு கூடுதலாகத் தெரியும். வியாழனுக்கு அருகில் ஒரே கோட்டில் மூன்று நான்கு புள்ளிகள் தெரியும். இன்று பார்த்த புள்ளிகளைத் தாளில் குறித்துவைத்து, நாளையும் மறுநாளும் பார்த்துக் குறிக்கச் சொல்லுங்கள். இடம் மாறியிருக்கும். 1610-இல் கலிலியோ கண்டது இதைத்தான் என்று நான்காம் நாள் சொன்னால் போதும்.

உங்கள் ஊரின் அருமை உங்களுக்கே தெரியவில்லையோ என்றும் ஐயப்படுகிறேன். உங்கள் மலைமேல் இருக்கும் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. அங்கே 1986-இல் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி, அப்போது ஆசியாவின் மிகப் பெரிய தொலைநோக்கிகளுள் ஒன்று; இந்தியாவிலேயே வடிவமைத்துச் செய்தது. அதற்கும் முன்னால், 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைத்துச் சென்றபோது அதைக் கவனித்தவர்களுள் காவலூரின் வானியலாளர்களும் இருந்தார்கள். கோள் வந்து மறைப்பதற்கு முன்னும் பின்னும் அந்த விண்மீன் சில நொடிகள் மங்கி மங்கித் தெளிந்தது. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்பது அந்த நிகழ்விலிருந்துதான் உலகத்துக்குத் தெரியவந்தது.

நான் கடந்த ஆண்டு மலைக்குப் போகும் வழியில், உண்டு உறைவிடப் பள்ளி ஒன்றின் அருகே தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, மலைமேல் தெரியும் வெள்ளைக் கவிகை மாடம் என்ன என்று அங்கிருந்த பையன்களைக் கேட்டேன். ஒருவன் "கவர்மெண்ட் ஆபீஸ்" என்றான். இன்னொருவன் "உள்ள விடமாட்டாங்க" என்றான். உண்மையில் சனிக்கிழமைகளில் பொதுமக்கள் பார்வையிட அனுமதி உண்டு. உங்கள் பணத்தில் ஒரு பகுதியை வேனுக்கு எடுத்துவையுங்கள். முன்கூட்டி எழுதிக் கேட்டுக்கொண்டு, மேகம் இல்லாத தை, மாசி மாதங்களில் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். மலைப் பள்ளிப் பிள்ளைகளை விட்டுவிட்டு அடிவாரத்துப் பிள்ளைகளை மட்டும் ஏற்றிக்கொண்டு போய்விடாதீர்கள்.

முதல்தலைமுறை (பதில் 4)

எல்லோரும் ஆறாம் வகுப்பிலிருந்து பேசுகிறார்கள். நான் அந்தப் பெண் திரையைக் காட்டிக் கேட்ட இடத்திலிருந்து பேச விரும்புகிறேன். அண்ணா, நான் எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி. தமிழ் வழியில் அரசுப் பள்ளியில் படித்துப் பொறியியலுக்கு வந்தவள். எனக்கு அறிவியலில் ஆர்வம் குறைவாக இருந்ததில்லை. வழி தெரியாமல் இருந்ததுதான் குறை. ஆகையால் உங்கள் மன்றத்துக்கு எத்தனை கருவிகள் வாங்கினாலும், உங்கள் கடைச் சுவரில் ஒட்டும் ஒரு தாள் அவற்றுக்கு ஈடாக இருக்கும் என்று நம்புகிறேன்.

அந்தத் தாளைத் தேர்வு முடிவுகள் வந்த பிறகு ஒட்டினால் பயனில்லை. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்தவுடனேயே ஒட்டுங்கள். பதினொன்றாம் வகுப்பில் எந்தப் பிரிவை எடுத்தால் எந்தக் கதவு திறக்கும், எது மூடும் என்பதைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். சுற்று வட்டாரத்தில் எந்தெந்த அரசு மேல்நிலைப் பள்ளியில் கணிதப் பிரிவு இருக்கிறது, அங்கே போகும் முதல் பேருந்து எத்தனை மணிக்கு என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பத்தாம் வகுப்புக்குப் பிறகு பாலிடெக்னிக்கில் டிப்ளமோ படித்துவிட்டுப் பொறியியலில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம் என்பது பல பெற்றோருக்குத் தெரியாது. டிப்ளமோ என்றால் படிப்பு வராதவர்களுக்கானது என்று எங்கள் தெருவில் இன்றும் பேசுவார்கள். சந்திரயான்-3 திட்ட இயக்குநரான விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேல் டிப்ளமோவில் தொடங்கியவர்தான் என்று நான் சொன்னபோது என் சித்தப்பா நம்பவில்லை. பிறகு தன் மகனைச் சேர்த்தார்.

6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் 2021 முதலும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இருக்கிறது. பொறியியலில் அவ்வழியே சேர்கிறவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. இந்த ஒதுக்கீட்டைப் பற்றித் தெரியாமல், எட்டாம் வகுப்பு முடிந்ததும் கடன் வாங்கித் தனியார் பள்ளிக்கு மாற்றிய பெற்றோரை எனக்குத் தெரியும். அரசுப் பள்ளி மாணவிகள் உயர்கல்வி சேர்ந்தால் மாதம் ரூ. 1,000 தரும் புதுமைப்பெண் திட்டமும் 2022 முதல் இருக்கிறது. இவை எல்லாமே உங்கள் கடைக் கணினியில் நீங்களே பதிவு செய்பவைதான். படிவம் நிரப்புகிற நாளில் சொல்வதை மூன்றாண்டு முன்னால் சொல்லுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

அந்தப் பெண்ணைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் தொடங்கிய இணையவழித் தரவு அறிவியல் பட்டப்படிப்புக்கு ஜே.இ.இ. நுழைவுத் தேர்வு தேவையில்லை, பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்து, பன்னிரண்டாம் வகுப்பில் எந்தப் பிரிவில் தேறியிருந்தாலும் விண்ணப்பிக்கலாம், அவர்களே நான்கு வாரம் பாடம் நடத்தித் தகுதித் தேர்வு வைக்கிறார்கள். வருமானத்தையும் பிரிவையும் பொறுத்துக் கட்டணச் சலுகை உண்டு. எளிதான படிப்பு என்று சொல்லமாட்டேன், கணிதம் விட்டுப்போனவர்கள் மிகவும் உழைக்க வேண்டும். ஆயினும் அவளுக்குச் சொல்லிப் பாருங்கள். எங்கே போய்ச் சேர்ந்தாள் என்று நீங்கள் எழுதவில்லை.

மொழியைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கல்லூரியின் முதல் வாரத்தில் பேராசிரியர் "ஆக்சிலரேஷன்", "மொமெண்டம்" என்று சொல்லிக்கொண்டே போனபோது நான் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். முடுக்கமும் உந்தமும் எனக்கு நன்றாகத் தெரிந்தவை. கணக்குப் போட்டுப் பழகியவை. ஆனால் அந்தப் பெயர்களில் அவற்றை எனக்கு அடையாளம் தெரியவில்லை. ஊருக்கு வந்தபோது பழைய பாடநூல்களின் கடைசிப் பக்கங்களில் இருந்த கலைச்சொற்களை எடுத்து, ஒரு நோட்டில் நடுவே கோடு கிழித்து, இந்தப் பக்கம் தமிழ், அந்தப் பக்கம் ஆங்கிலம் என்று எழுதத் தொடங்கினேன். மூன்று மாதத்தில் அந்த நோட்டை என் விடுதியில் இருந்த ஐந்தாறு பேர் படியெடுத்திருந்தார்கள். உங்கள் மன்றத்தில் தமிழிலேயே நடத்துங்கள், புரிதல் அங்கேதான் வரும். கூடவே ஒவ்வொரு சனிக்கிழமையும் ஐந்து சொற்களை இரண்டு மொழியிலும் பலகையில் எழுதிப் போடுங்கள். ஜெராக்ஸ் இயந்திரம் உங்களிடமே இருக்கிறது.

பாலக்காட்டிலிருந்து (பதில் 5)

சுருக்கமாக ஒரு செய்தி. கணினி வாங்க இதில் பணம் ஒதுக்க வேண்டாம். தமிழ்நாடு அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகள் எத்தனையோ வீடுகளில் பரண்மேல் கிடக்கின்றன. பேட்டரியும் வன்தட்டும்தான் பெரும்பாலும் போயிருக்கும். முன்னாள் மாணவர் குழுவில் கேட்டால் ஐந்தாறு கிடைக்கும். லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தின் எளிய வகை ஒன்றை நிறுவினால், பிள்ளைகள் நிரல் எழுதிப் பழகும் ஸ்கிராட்ச் ஓடும். கேரளத்தில் பள்ளிகள் முழுவதும் கட்டற்ற மென்பொருளில்தான் இயங்குகின்றன. 2018-இல் தொடங்கிய லிட்டில் கைட்ஸ் மன்றங்களில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களே பள்ளிக் கணினிகளைப் பராமரிக்கவும் கற்றுக்கொள்கிறார்கள். பழுதான கணினியைப் பிள்ளைகளே திறந்து பார்ப்பது முதல் பாடமாக இருக்கட்டும். ஏற்கெனவே பழுதானது என்பதால் உடையும் என்ற பயமும் இருக்காது.

அடிவாரத்தான் (மறுமொழி)

அனைவருக்கும் நன்றி. ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன்.

ரோபோ கிட் வாங்கவில்லை. பழைய மோட்டார் எரிந்தால் புதிய கிட் ஒன்றையே வாங்க வேண்டியிருக்கும் என்று விற்பனையாளர் சொன்னதும் குழுவில் பேச்சு அடங்கிவிட்டது. உடைவுக் கணக்குக்கு ஐயாயிரம் ஒதுக்கி எழுதிக் கொடுத்தோம். தலைமையாசிரியர் படித்துவிட்டுச் சிரித்தார், பிறகு இயற்பியல் ஆசிரியரை அழைத்துப் பீரோவைத் திறக்கச் சொன்னார். ஆறு லென்சும் நான்கு காந்தமும் ஒரு வெர்னியரும் நூலகத்துக்கு வந்தன. காந்தங்களில் இரண்டு வலுவிழந்திருந்தன. 10×50 இருகண்ணோக்கி ஒன்று வாங்கினோம். முக்காலி ஊர்த் திருமணப் புகைப்படக்காரருடையது. மீதிப் பணம் அப்படியே இருக்கிறது. தையில் காவலூர் வேனுக்கு அதிலிருந்து எடுப்போம். மலைப் பள்ளித் தலைமையாசிரியரிடமும் பேசியிருக்கிறேன். விடுதிப் பிள்ளைகளை வெளியே அழைத்துப்போக அனுமதிக் கடிதம் வேண்டும் என்கிறார், அது நடந்துகொண்டிருக்கிறது.

நேரத்தைக் காலை பத்துக்கு மாற்றினோம். சென்ற வாரம் இருபத்திரண்டு பேர் வந்தார்கள், ஒன்பது பேர் பெண்கள். இடுப்பில் வந்தவர்கள் மூவர் தனி. கழிப்பறைச் சாவியை நூலகர் இன்னும் தரவில்லை. தண்ணீர்க் குழாய் சரியில்லை என்கிறார். குழாயைச் சரிசெய்ய ஆள் சொல்லியிருக்கிறேன். சுவர்த்தாள் எழுதி முடியவில்லை. கணிதப் பிரிவு உள்ள பள்ளிகளின் பட்டியலையும் பேருந்து நேரத்தையும் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் பெண் பி.எஸ்சி. தாவரவியல் சேர்ந்திருக்கிறாள். ஐ.ஐ.டி. படிப்பைப் பற்றித் தொலைபேசியில் சொன்னேன். கணக்கைக் கண்டால் பயமாக இருக்கிறது என்றாள், கடைக்கு வந்து பார்ப்பதாகவும் சொன்னாள்.

இயற்பியல் ஐயாவுக்கு ஒரு கேள்வி. நீங்கள் சொன்னபடி தனி ஊசல் கட்டினோம். ஊகத்தில் பத்துக்கு எட்டு அல்ல, இருபத்திரண்டில் இருபது பேர் கனமான கல்லுக்கே வாக்களித்தார்கள். பிறகு நூலைச் சரியாக 100 சென்டிமீட்டர் அளந்து 20 அலைவுகளை எண்ணினோம். மூன்று முறையும் 41 விநாடியை ஒட்டியே வந்தது. பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் தன் அண்ணனின் புத்தகத்தில் சூத்திரத்தைப் பார்த்துப் புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட்டான், 9.39 வந்தது. புத்தகத்தில் 9.8 இருக்கிறது. கைப்பேசியை அழுத்துவதில் பிழை என்று நான் முடித்துவிடப் பார்த்தேன். தங்கையைத் தூக்கிக்கொண்டு நின்ற ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "கல்லும் சேர்ந்துதானே ஆடுது, அதை ஏன் அளக்கல?" என்றாள். நூலின் நுனியிலிருந்து கல்லின் நடுப்பகுதி வரை அளந்தோம், 4 சென்டிமீட்டர் இருந்தது. 104 என்று போட்டுக் கணக்கிட்டால் 9.77 வருகிறது. கல்லின் நடுவை நாங்கள் கண்ணால் பார்த்துத்தான் குறித்தோம். கல் ஒரு பக்கம் பருத்தும் ஒரு பக்கம் ஒடுங்கியும் இருக்கிறது. அதன் நடு எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வரும் சனிக்கிழமைக்குள் சொன்னால் நல்லது, அவள் கேட்பாள்.